செத்தவீட்டுக் கதிரையும் பிசிஆர் விலையும்: நோய்க்காலத்தில் அரசும் தனியாரும் சேருவது என்றால் என்ன?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துச் சலூன் ஒன்றில் முறைக்குக் காத்திருந்தேன். பேச்சு எப்படியோ கொவிட் காலத்துக்குத் திரும்பியது. “அந்த நேரம் எல்லாத்தையும் பிரைவேட்டுக்கு வித்துப்போட்டாங்கள். டெஸ்ட் எடுக்கவும் காசு, ஹோட்டலில அடைஞ்சு கிடக்கவும் காசு” என்றார் ஒருவர். கதிரையில் இருந்தவர் கண்ணாடியைப் பார்த்தபடியே மறுத்தார். “பிரைவேட்காரர் இல்லாட்டி மருந்தும் இல்லாமல் அரிசியும் இல்லாமல் கிடந்திருப்பம் அண்ணை.” சலூன்காரத் தம்பி இரண்டு பேருக்கும் தலையாட்டினார். தொழில் அப்படி.

இரண்டு பேரும் கதைத்தது ஒரே விஷயத்தைத்தான். ஒருவருக்கு அது விற்பனை, மற்றவருக்கு அது தருமம். இந்தப் பேச்சை நான் பேருந்திலும் கேட்டிருக்கிறேன், கோயில் வீதியிலும் கேட்டிருக்கிறேன். பொதுச் சுகாதார அவசரநிலையில் அரசும் தனியாரும் சேர்ந்து வேலை செய்வது எப்படி நடக்கிறது என்று யாரும் விளங்கப்படுத்தியதில்லை. அதனால்தான் பேச்சு எப்போதும் இந்த இரண்டு முனைகளிலேயே போய் நிற்கிறது. பொருளியலோ மருத்துவமோ படித்திராதவர்களுக்காக, ஒரு முற்றத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு செத்தவீடு

விடிய நாலு மணிக்கு ஒரு வீட்டில் எதிர்பாராமல் ஒரு சாவு. வீட்டுக்காரருக்கு யோசிக்கிற நிலை இல்லை. ஆனாலும் எட்டு மணிக்குள் வாசலில் தகரப்பந்தல் எழும்பிவிடும், கதிரைகள் வந்து இறங்கிவிடும், பக்கத்து வீட்டிலிருந்து பெரிய கேத்தலில் தேத்தண்ணி வந்துவிடும். எப்படி?

சனசமூக நிலையத்துக் கதிரைக்குத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். பந்தல்காரரின் நம்பர் நாலு பேரின் போனில் இருக்கும். பந்தலுக்கு எவ்வளவு என்பதும் ஏறத்தாழத் தெரியும், அந்த நேரத்தில் யாரும் மூன்று இடத்தில் விலை கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள். வீட்டில் நடந்த சாவென்றால் கிராம சேவையாளர் உறுதிப்படுத்த வேண்டும், அப்போதுதான் மரணப் பதிவு நகரும். அந்த வேலையை ஊரில் எவ்வளவு பெரிய பணக்காரர் இருந்தாலும் அவர் செய்து தர முடியாது. நடுவில் ஒரு பெரியப்பாவோ மாமாவோ ஒரு சி.ஆர். கொப்பியோடு இருப்பார். யாருக்கு எவ்வளவு கொடுத்தது, எந்தச் சாமான் எங்கிருந்து வந்தது, எல்லாம் அதில் ஏறும். அந்திரட்டி முடிந்த பிறகு இருந்து கணக்குப் பார்ப்பார்கள்.

அயலட்டை தேத்தண்ணிக்குக் காசு வாங்காது. பந்தல்காரர் வாங்குவார், வாங்கினார் என்பதற்காக அவரை யாரும் குறை சொல்வதும் இல்லை. அன்றைக்கென்று பார்த்து விலையை இரண்டு மடங்காக்கினால்தான் பிரச்சினை. அதை ஊர் இருபது வருடத்துக்கு மறக்காது.

நோய்க்காலத்து ஒத்துழைப்பில் உள்ளவை எல்லாம் இந்த முற்றத்தில் இருக்கின்றன: இலவசமாக வருவது, காசுக்கு வருவது, அரசு மட்டுமே செய்யக்கூடியது, முன்னமே தெரிந்த விலை, பிறகு பார்க்கிற கணக்கு. இனி இவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்போம்.

அவசரநிலை என்று எதைச் சொல்கிறோம்?

பொதுச் சுகாதார அவசரநிலை என்றால், ஒரு நோயோ நச்சோ பேரிடரோ ஒரு பகுதியின் வழக்கமான மருத்துவ ஏற்பாடுகள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிப் போவது. ஆளும் கட்டிலும் மருந்தும் நேரமும் ஒரே சமயத்தில் போதாமல் போகும். உலக அளவில் இதை உலக சுகாதார நிறுவனம் அறிவிக்கும். கொவிட்டுக்கு 2020 ஜனவரி 30 அன்று அறிவித்து, 2023 மே 5 அன்று அந்த அறிவிப்பை முடித்துவைத்தது.

ஆனால் ஜெனீவாவில் உள்ள அந்த நிறுவனம் அறிவித்தால்தான் அவசரநிலை என்றில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை யாழ்ப்பாணத்தின் பல இடங்களை வெள்ளத்தில் விட்டுப் போனது. டிசெம்பரில் காய்ச்சலோடு வந்தவர்களில் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். ‘மர்மக் காய்ச்சல்’ என்று பத்திரிகைகள் எழுதின. கொஞ்ச நாளில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக உள்ளே போவதால் வருவது. வேளைக்குப் பிடித்தால் சாதாரண அன்ரிபயொட்டிக் போதும், பிந்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். வயல் வேலை செய்பவர்களுக்கும் வெள்ளத்துக்குள் நின்றவர்களுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை முற்காப்பாகக் கொடுக்கப்பட்டது. ஒரு மாவட்டத்துக்குள் நடந்த இந்தச் சில வாரங்களும் அவசரநிலைதான்.

‘தனியார்’ என்பது யார்?

இந்தச் சொல்லைக் கேட்டதும் கொழும்பின் கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரிகள்தான் நினைவுக்கு வரும். அவை ஒரு பகுதி மட்டுமே. சந்திக்குச் சந்தி இருக்கிற பார்மசி தனியார். இரத்தம் எடுக்கிற லாப் தனியார். சனலிங் சென்டர் தனியார். ஊரடங்கில் அரிசியும் பருப்பும் ஏற்றிவந்த லொறிக்காரர், ஹோட்டல், சுப்பர் மார்க்கெட், போன் கம்பனி, ஒட்சிசன் சிலிண்டர் நிரப்புகிற கம்பனி எல்லாம் தனியார். இலங்கையில் சுகாதார சேவை இலவசம் என்று பெருமையோடு சொல்கிறோம், அது சரியான பெருமையும்கூட. ஆனால் அந்த இலவச வார்ட்டில் நோயாளி இழுக்கிற ஒட்சிசன்கூடப் பெரும்பாலும் ஒரு தனியார் கம்பனியிடம் அரசு காசு கொடுத்து வாங்கியதுதான்.

இன்னொரு சிக்கல். காலையில் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் வரிசையில் நின்று பார்க்கிற டொக்டரையே பின்னேரம் பிரைவேட்டில் காசு கட்டிப் பார்க்கிறோம். அரச டொக்டர்கள் கடமை நேரத்துக்குப் பிறகு தனியாரில் பார்க்க நம் நாட்டில் இடமுண்டு. ஆகவே அரசு ஒரு மதிலின் இந்தப் பக்கம், தனியார் அந்தப் பக்கம் என்று கற்பனை செய்தால் பிழையாகிப்போகும். மதில் இருக்கிறது, படலை திறந்தே கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இது புதுக்கதையும் இல்லை. இன்றைய போதனா வைத்தியசாலை 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் முன்னின்று தொடக்கிய ‘ஃபிரெண்ட் இன் நீட்’ என்ற நலன்புரிச் சங்கத்தின் ஆஸ்பத்திரி. அதிபர் அரசின் ஆள், சங்கம் ஊரவருடையது. 1907இல்தான் அரசு அதைப் பொறுப்பெடுத்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். மூளாயில் 1930களில் ஊரவர்கள் பங்குசேர்த்துக் கூட்டுறவு ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டினார்கள். அது அரசும் இல்லை, முதலாளியும் இல்லை. இன்று ஸ்கானர் வாங்கவும் டயலிசிஸ் மெஷின் வாங்கவும் காசு அனுப்புகிற புலம்பெயர்ந்த பழைய மாணவர்களை எந்தப் பெட்டிக்குள் போடுவது? அவர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

மறுபக்கம் ‘அரசு’ என்பதும் ஒரே ஆள் இல்லை. போதனா வைத்தியசாலை நேரே கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்தின் கீழ் இருக்கின்றன. தனியாரோடு பேசுவதற்கு முன்னம் இவர்கள் தங்களுக்குள் பேசவேண்டும். அது எப்போதும் சுலபமாக நடப்பதில்லை.

சுருக்கமாக இதுவரை: வழக்கமான ஏற்பாடு தாங்காத நிலை அவசரநிலை. தனியார் என்பதற்குள் பார்மசி முதல் லொறி வரை அடங்கும். இரண்டு பக்கமும் கலந்துதான் இருக்கின்றன, ஆகவே கேள்வி ‘சேரலாமா’ என்பதில்லை, ‘எந்த நிபந்தனையில்’ என்பதுதான்.

கட்டளை யாரிடம்?

முதல் நிபந்தனை மிகப் பழையது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பிளேக் நோய்க்குப் பயந்த பிரிட்டிஷ் காலத்துச் சட்டம், இன்றும் அதுதான் அடித்தளம். ஒருவரை வீட்டை விட்டு வெளிக்கிடாதே என்று சொல்வது, ஒரு கடையை மூடச் சொல்வது, ஒரு கிராமத்தை முடக்குவது ஆகிய அதிகாரங்கள் அரசிடம் மட்டுமே இருக்கின்றன. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்திலிருந்து ஊரில் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி வரை அது இறங்கி வருகிறது. எவ்வளவு பெரிய தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் உங்களைத் தனிமைப்படுத்தக் கட்டளையிட முடியாது. கிராம சேவையாளரின் வேலை மாதிரித்தான்.

ஆனால் கட்டளையிட ஒரு கண் வேண்டும். எங்கே நோய் என்று தெரியாமல் எதை மூடுவது? இந்த இடத்தில்தான் தனியார் இல்லாமல் அரசு குருடாகிவிடுகிறது.

ஒரு படிவத்தின் கதை

நோய் அறிவித்தல் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட பட்டியலில் உள்ள நோய்களில் ஒன்றைக் கண்டால், கண்டதாகச் சந்தேகப்பட்டாலே, டொக்டர் அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். டெங்கு அந்தப் பட்டியலில் இருக்கிறது, எலிக்காய்ச்சலும் இருக்கிறது. இதற்கான படிவத்தின் பெயர் எச் 544. சட்டம் அரச டொக்டர், தனியார் டொக்டர் என்று பிரிப்பதில்லை. நடைமுறை பிரித்துவிடுகிறது. வார்ட்டில் படிவம் எழுதுவது பழகிப்போன வேலை. பின்னேரம் ஐம்பது பேர் காத்திருக்கிற பிரைவேட்டில் அதை எழுத யாருக்கும் நேரமில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். மானிப்பாயில் இருக்கிற அக்காவின் மகன் இரண்டு கிழமை கோண்டாவிலில் அம்மாவோடு நின்றான். காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் பக்கத்தில் உள்ள ஒரு பிரைவேட்டில் காட்டினோம். இரத்தம் எடுத்தார்கள், டெங்கு என்று துண்டு வந்தது. தண்ணி வென்னி குடிக்கச் சொல்லி, மூன்று நாளைக்குப் பரசிற்றமோல் தந்து அனுப்பினார்கள். அந்தத் துண்டு எங்கள் வீட்டு மேசையில் கிடந்ததைத் தவிர வேறெங்கும் போகவில்லை. பிளேட்லெட் இறங்கிய பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே படிவம் எழுதினார்கள், அக்கா வழக்கம்போல மானிப்பாய் விலாசத்தைச் சொல்லிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மானிப்பாய் வீட்டுக்குப் போனார். கிணற்றடி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாம் பார்த்தார். “இங்க ஒண்டும் இல்லையே அம்மா. பிள்ளை கடைசியா எங்க நிண்டவர்?” என்று கேட்டார். பிறகுதான் விஷயம் கோண்டாவிலுக்கு வந்தது. மானிப்பாய் ஒரு சுகாதாரப் பிரிவு, கோண்டாவில் இன்னொன்று, ஆகவே இன்னும் ஒரு நாள். அம்மா வீட்டில் கக்கூசுக்குப் பின்னால் மழைத்தண்ணி பிடித்துவைத்த ஒரு பரல். பரிசோதகர் டோர்ச் அடித்துக் காட்டினார். தண்ணீருக்குள் நூல் நறுக்கிப் போட்டதுபோலக் குடம்பிகள் நெளிந்தன. அதற்குள் பின்வளவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் துண்டு வந்தபோதே ஒரு போன் கோல் போயிருந்தால், பரல் ஒரு கிழமைக்கு முன்னமே கவிழ்ந்திருக்கும். இதில் காசும் இல்லை, கம்பனியும் இல்லை, ஒப்பந்த விழாவும் இல்லை. என்னைக் கேட்டால் அரச–தனியார் ஒத்துழைப்பில் அதி முக்கியமான பகுதி இந்த ஒரு படிவம்தான். பத்திரிகையில் படம் வராத பகுதி என்பதால் யாரும் இதைப் பற்றிக் கதைப்பதில்லை.

2024இன் எலிக்காய்ச்சலையும் இப்படிப் பாருங்கள். ஒரு டொக்டரிடம் ஒரு காய்ச்சல் வந்தால் அது காய்ச்சல். பத்து இடத்தில் ஒரே மாதிரிப் பத்துக் காய்ச்சல் வந்து, அந்தப் பத்தும் ஒரே கொப்பியில் ஏறினால்தான் அது பரவல் என்று தெரியும்.

பந்தலுக்கு என்ன விலை?

அடுத்தது காசு. சலூனில் சூடு பிடித்த இடம் இதுதான்.

கொவிட் தொடங்கியபோது பிசிஆர் பரிசோதனை செய்யக்கூடிய இடங்கள் நாட்டில் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையும் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் அந்த வேலையை எடுத்துச் செய்தன. கொழும்புப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுமதி கிடைத்தது. அரச இடத்தில் இலவசம், தனியாரில் காசு. விலை இடத்துக்கு இடம் வேறுபட்டது. கடைசியில் 2021 ஓகஸ்ட்டில் வர்த்தமானி மூலம் உச்ச விலை வந்தது: பிசிஆருக்கு 6,500 ரூபாய், ரபிட் அன்ரிஜனுக்கு 2,000 ரூபாய்.

உச்ச விலை என்றால் இதற்கு மேல் வாங்கக்கூடாது என்ற சட்டக் கோடு. அதை எங்கே கீறுவது என்பது லேசான வேலை இல்லை. உயரத்தில் கீறினால் கோடு இருந்தும் பயனில்லை. மிகப் பதித்துக் கீறினால், டொலரில் கெமிக்கல் இறக்குமதி செய்கிற லாப்காரர் ‘எங்களிடம் கிட் முடிந்துவிட்டது’ என்று ஷட்டரை இழுத்துவிடுவார், நெருக்கடி முழுவதும் அரச வரிசையின் தலையில் விழும். பந்தல்காரர் நட்டத்துக்கு வரமாட்டார், அதேநேரம் சாவு வீட்டில் கொள்ளையடிக்கவும் விடமுடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கச் சாமானின் அடக்கவிலை தெரிந்த ஒருவர் அரசின் பக்கத்தில் இருக்கவேண்டும். கோடு கீறியதில் எனக்குக் குறை இல்லை. நோய் நாட்டுக்குள் வந்து ஏறத்தாழ ஒன்றரை வருடம் கழித்துக் கீறியதில்தான் குறை.

ஹோட்டல் விஷயமும் இந்த வகைதான். வெளிநாட்டிலிருந்து வந்தவர் எத்தனை நாள் தனித்திருக்க வேண்டும் என்று சொல்வது அரசு. கட்டிலும் சாப்பாடும் கொடுப்பது ஹோட்டல். காசு கட்டமுடியாதவர்களுக்கு அரச நிலையங்கள் இருந்தன, நம் பக்கத்தில் கோப்பாய் கல்வியியற் கல்லூரிகூடச் சிகிச்சை நிலையமானது. இப்படி ஒரு பொது வேலைக்கு அரசு பொறுப்பையும் விதியையும் வைத்துக்கொண்டு தனியாரின் இடத்தையோ ஆளையோ கருவியையோ ஒப்பந்தப்படி பயன்படுத்துவதைத்தான் அரச–தனியார் பங்காண்மை என்கிறார்கள். விற்பனையில் உரிமை கை மாறிவிடும். இங்கே மாறாது, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஹோட்டல் ஹோட்டலாகிவிடும். ஆனால் காசு உள்ளவருக்கு ஒரு பாதை, இல்லாதவருக்கு ஒரு பாதை என்று பிரிந்துபோனது உண்மை. சலூனில் கோபப்பட்டவரின் கோபம் அதில்தான், அது நியாயமான கோபம்.

வெங்காயக் கணக்கு: நட்டம் யாருக்கு?

தடுப்பூசி எப்படி ஒரு வருடத்துக்குள் வந்தது என்பதை விளங்க, ஒரு வெங்காயத் தோட்டக்காரரை நினையுங்கள். விதை வெங்காயம், உரம், கூலி எல்லாம் முதலில் கையிலிருந்து போகும். அறுவடை நேரம் விலை விழுந்தால் அவர் அழிந்துபோவார். அந்தப் பயத்தில் அவர் கொஞ்சமாகத்தான் நடுவார். கொழும்பு முதலாளி ஒருவர் இரண்டு விதத்தில் அவருடைய பயத்தைப் போக்கலாம். ஒன்று, முற்பணம் கொடுத்து ‘நடு’ என்பது. மற்றது, ‘நல்ல வெங்காயம் வந்தால் இந்த விலைக்கு இவ்வளவு அந்தர் நான் எடுப்பேன்’ என்று எழுதிக் கொடுப்பது.

2020இல் அமெரிக்க அரசு இரண்டையும் செய்தது. மொடேர்னாவுக்குத் தடுப்பூசியை உருவாக்கிச் சோதிக்கவே 955 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. அது முற்பணம். பைசருக்கு எழுதிக் கொடுத்தது: 100 மில்லியன் ஊசிகளுக்கு 1.95 பில்லியன் டொலர், ஆனால் அனுமதி கிடைத்துக் கையில் வந்த பிறகுதான் காசு. ஊசி வேலை செய்யாமல் போயிருந்தால் முதலாவதில் நட்டத்தின் பெரும்பங்கு அரசுக்கு, இரண்டாவதில் கம்பனிக்கு. இதைத்தான் இடர்ப் பகிர்வு என்கிறார்கள்: தோற்றுப்போனால் யார் எவ்வளவு இழப்பது என்று தொடங்கும்போதே எழுதிவைப்பது.

முற்பணம் கொடுக்க முடியாத நாடுகள் வரிசையில் பின்னால் நின்றன, இலங்கையும் அதில் ஒன்று. 2021 ஜனவரி 28 அன்று இந்தியா 5 லட்சம் கொவிஷீல்ட் ஊசிகளை அன்பளிப்பாகத் தந்தது. பிறகு இந்தியாவில் நோய் மோசமாகி ஏற்றுமதி நின்றது. முதலாவது ஊசி போட்ட லட்சக்கணக்கானோர் இரண்டாவதுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கோவக்ஸ் என்ற சர்வதேசப் பகிர்வு ஏற்பாட்டின் வழியாக ஜப்பான் தந்த ஊசிகள் வந்த பிறகுதான் அவர்களில் பலருக்கு வழி பிறந்தது. அன்பளிப்பை நம்பி இருப்பதற்கும் எழுதிய ஒப்பந்தத்தை நம்பி இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மாதங்களில் தெரிந்தது.

மறுபடி ஒரு சுருக்கம்: கட்டளை அரசிடம், தகவல் இரண்டு பக்கத்திலிருந்தும் வரவேண்டும், விலைக்கு ஒரு கோடு வேண்டும், நட்டம் யாருக்கு என்று முன்னமே எழுதவேண்டும். இனி அந்த சி.ஆர். கொப்பி.

கொப்பி இல்லாத அவசரம்

அரசு ஒரு சாமானை வாங்கும் முறைக்குப் பெறுகை என்று பெயர். விளம்பரம் போட்டு, கேள்விப்பத்திரம் கோரி, விலைகளை ஒப்பிட்டு, குழு ஒன்று முடிவெடுக்கும். மாதங்கள் ஆகும். அவசரத்தில் அதற்கு நேரமில்லை என்பதால் நேரடியாக வாங்க விதியில் இடமுண்டு. நியாயமான இடம்தான், ஆனால் கள்ளன் நுழைகிற வழியும் அதுவே.

பிரிட்டனில் கொவிட் காலத்தில் பாதுகாப்பு அங்கி வாங்க ‘விஐபி பாதை’ என்று ஒன்றை வைத்தார்கள். அமைச்சர்கள், எம்பிக்கள் சிபாரிசு செய்த கம்பனிகளின் விண்ணப்பங்கள் தனிக் கவனிப்போடு முன்னுக்குப் போயின. 2022 ஜனவரியில் அங்குள்ள மேல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. நம் நாட்டில் 2022இன் டொலர் தட்டுப்பாட்டோடு மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது, அவசரக் கொள்வனவுகள் கூடின. அதன் பின் வெளிவந்த தரமற்ற இமியூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரம் எல்லோரும் அறிந்தது. முன்பு சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் அது தொடர்பாகக் கைதாகி வழக்கு நடக்கிற அளவுக்குப் போனது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ‘தனியாரே வேண்டாம்’ என்று சொல்வது, ஒரு பந்தல்காரர் ஏமாற்றினார் என்பதற்காகப் பிணத்தை வெயிலில் கிடத்துவது மாதிரி. கேட்க வேண்டியது வேறு. யாரிடம், என்ன விலைக்கு, ஏன் அவரிடம் என்று எங்கே எழுதியிருக்கிறது? எப்போது வெளியில் வரும்? வாங்க முடிவெடுத்தவருக்கு விற்றவரோடு உறவோ பங்கோ இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குரிய சொல் நலன் முரண்: ஒரே ஆளின் பொதுக் கடமையும் சொந்த லாபமும் எதிரெதிரே இழுக்கிற நிலை. காலையில் அரச டொக்டராகவும் பின்னேரம் பிரைவேட் டொக்டராகவும் இருப்பவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. கேட்டால் கோபிக்கிறார்கள், ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

அன்பளிப்புக்கும் கொப்பி வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கம் அனுப்புகிற மருந்துப் பெட்டியில் காலாவதித் திகதி என்ன, பட்டியலில் உள்ள மருந்தா, ஆஸ்பத்திரி கேட்ட சாமானா என்று பார்க்க ஆள் வேண்டும். கேட்காமல் வந்த மெஷின் ஒன்று உதிரிப்பாகம் இல்லாமல் படங்கால் மூடிக் கிடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். அனுப்பியவர்களின் மனம் நோகும்.

ரயில் நிலையத்தில் ஒரு கூட்டம்

இவ்வளவையும் நோய் வந்த பிறகு தொடங்கினால் ஒன்றும் நடக்காது. தென்கொரியா 2015இல் மேர்ஸ் நோயில் நன்றாக அடிபட்டது. 186 பேருக்குத் தொற்று, 38 மரணங்கள். அந்த அடிக்குப் பிறகு, அவசர காலத்தில் பரிசோதனைக் கருவிகளுக்கு விரைவாக அனுமதி கொடுக்கச் சட்டத்தைத் திருத்தி வைத்தார்கள். 2020 ஜனவரி 27 அன்று அந்த நாட்டில் கொவிட் நோயாளிகள் நாலே பேர். அன்றைக்கே சுகாதார அதிகாரிகள் இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகளைச் சியோல் ரயில் நிலையத்து அறை ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். பரிசோதனை முறையை உருவாக்குங்கள், சரியாக இருந்தால் உடனே அனுமதி தருவோம் என்றார்கள். ஒரு கிழமையில் முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது. பந்தல்காரரின் நம்பர் அவர்களின் போனில் இருந்திருக்கிறது.

எங்களிடம் இப்படி ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் இந்திய அரசின் நன்கொடையில், இந்தியத் தனியார் அமைப்பு ஒன்றின் அனுபவத்தோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. தனிச் சட்டம் மூலம் அது அரச மன்றமாக்கப்பட்டது. வெளியாளின் காசும் கைவேலைப் பழக்கமும் வந்து, கடைசியில் பொறுப்பு அரசிடம் தங்கியது. அவசரம் வருமுன்பே கட்டி ஓடவிட்டதால் கொவிட் வந்தபோது வண்டிகள் தயாராக நின்றன.

2020 ஊரடங்கில் ஆஸ்பத்திரிக் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவின் பிரஷர் குளிசை ஒரு கிழமை வந்தது, அடுத்த முறை வரவில்லை. பார்மசிக்குப் போன் எடுத்தோம். கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பாஸ் உள்ள ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து படலையில் கொழுவிவிட்டுப் போனார். அந்தப் பாஸ் அரசு கொடுத்தது. மருந்து தனியார் விற்றது. மோட்டார் சைக்கிள் அவருடையது.

பரல்

போன மார்கழியில் எனக்குக் காய்ச்சல். பக்கத்தில் உள்ள ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை பெயர், வயது கேட்டுவிட்டு விலாசம் கேட்டாள். அடையாள அட்டையில் உள்ளதைச் சொன்னேன்.

“அது ஐடியில உள்ள விலாசம் அண்ணை. இப்ப ரெண்டு கிழமையா எங்க நிண்டனீங்கள்?”

கோண்டாவிலில், அம்மாவோடு என்றேன். எழுதிக்கொண்டாள். எழுதியது படிவத்திலா வேறு தாளிலா என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு எனக்குத் தலை நிமிரவில்லை. நாலாம் நாள் காலையில் பரிசோதகர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். அம்மா முதல் நாளே பரலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “பாருங்கோ தம்பி, ஒண்டும் இல்லை” என்றார். பரிசோதகர் சிரித்துக்கொண்டு டோர்ச்சை எடுத்தார், நேரே கக்கூசுக்குப் பின்பக்கம் நடந்தார்.